ஆரஞ்சு வண்டியின் எர்த்

எங்கள் கல்லூரியின் ஏ.டி.வி. வண்டி கவிழ்ந்ததற்குக் காரணம் வயரிங் கோளாறு என்று இன்றைக்கும் அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கல்லூரியில் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன மாதம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, நீங்க படிச்சப்போ யாரோ ஒரு பொண்ணு வயரிங்க தப்பா பண்ணி வண்டி கவுந்துடுச்சாமே, தெரியுமா?"

"தெரியும். அந்தப் பொண்ணு நான்தான்" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. ஏதோ வகுப்பு இருக்கிறது என்று சொல்லி நழுவிவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இன்னும் பத்து வருடம் ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையை இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வயரிங்கைத் தப்பாகச் செய்யவில்லை. என்ன நடந்தது என்பதை நானே எழுதிவிடுகிறேன்.

கல்லூரி தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நான் சேலையூரிலிருந்து தினமும் கல்லூரிப் பேருந்தில் போய்வந்தேன். மின்னியல் பிரிவு. மூன்றாம் ஆண்டில், மெக்கானிக்கல் பையன்கள் செய்துகொண்டிருந்த ஏ.டி.வி. அணியில் சேர்ந்தேன். ஏ.டி.வி. என்றால் சேறு, மேடு, பள்ளம் எதிலும் ஓடுகிற நாலு சக்கர வண்டி. ஒரே ஒரு இருக்கை. அதைச் சுற்றி இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு கூண்டு. அதுதான் வண்டியின் ஃப்ரேம். பின்னால் ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின். மாணவர்களே எல்லாவற்றையும் செய்து, வடக்கே நடக்கிற போட்டிக்கு எடுத்துப்போக வேண்டும்.

அணியில் நான் ஒருத்திதான் பெண். என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. "எலெக்ட்ரிகல், இங்க வா", "எலெக்ட்ரிகல்கிட்ட கேளு" என்பார்கள். ஆரம்பத்தில் அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அந்த வண்டியில் மின்சார வேலை குறைவுதான். பிரேக் பிடித்தால் எரிகிற சிவப்பு விளக்கு, பின்னால் போகும்போது கத்துகிற ஹாரன், அப்புறம் கில் சுவிட்ச். ஓட்டுகிறவன் கைக்கு எட்டுகிற மாதிரி உள்ளே ஒரு கில் சுவிட்ச், வெளியே நிற்கிறவர்கள் அழுத்துவதற்குப் பின்பக்கம் ஒன்று. என்ன ஆனாலும் இந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நிற்க வேண்டும். எப்படி நிற்கும் என்றால், எஞ்சினில் தீப்பொறி உண்டாக்குகிற காயிலிலிருந்து ஒரு வயர் வருகிறது. அந்த வயரை எஞ்சினின் உடம்போடு சேர்த்துவிட்டால் தீப்பொறி வராது. சுவிட்ச் செய்கிற வேலை அந்தச் சேர்ப்புதான். இதற்கு எஞ்சின்வரை தனி வயர் இழுக்கலாம். அல்லது பைக், கார் எல்லாவற்றிலும் செய்கிற மாதிரி, இரும்பு ஃப்ரேமையே திரும்பிப்போகும் வழியாக வைத்துக்கொள்ளலாம். அதைத்தான் எர்த் என்பார்கள். எங்கள் அணி ஃப்ரேமையே எர்த்தாக வைத்துக்கொண்டது. நான் சேருவதற்கு முன்பே அதை முடிவு செய்துவிட்டவர் அணியின் கேப்டன். இறுதியாண்டு மெக்கானிக்கல் அண்ணா. ஒரு வயர் குறைந்தால் எடையும் குறையும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும் என்றார். வெறும் இரும்பாக இருந்தவரை எல்லாம் சரியாக வேலை செய்தது. நானே செய்து பார்த்தேன்.

பிறகு ஃப்ரேமைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தார்கள்.

பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது சாதாரண பெயின்ட் இல்லை. உலர்ந்த பொடியை இரும்பின் மேல் பரவவிட்டு, அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். பொடி உருகி இரும்பைச் சுற்றித் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். துருப் பிடிக்காது, சீக்கிரம் உரியாது. கரன்டும் அதைத் தாண்டாது. அதனால் குரோம்பேட்டைப் பட்டறைக்கு ஃப்ரேம் கிளம்புவதற்கு முன்பே கேப்டனிடம் சொன்னேன்.

"அண்ணா, எர்த் போல்ட் வர்ற எடத்துல மட்டும் டேப் ஒட்டி மறைச்சுக் கோட்டிங் பண்ணச் சொல்லுங்க. அது மேல கோட்டிங் ஏறிட்டா கரன்ட் போகாது."

"சரிம்மா, சொல்லிடறேன்."

ஃப்ரேம் திரும்பி வந்தபோது ஆரஞ்சு மிட்டாய் மாதிரி பளபளத்தது. பையன்கள் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் குனிந்து எர்த் போல்ட் வைக்கும் இடங்களைப் பார்த்தேன். எல்லாவற்றின் மேலும் ஆரஞ்சு.

"அண்ணா, டேப் ஒட்டலையா?"

"எல்லாம் ஒரே ஃபினிஷா வரட்டும்னு விட்டுட்டேம்மா. ஜட்ஜு மொதல்ல லுக்கத்தான் பாப்பான். உன் போல்ட்ட யாரு பாக்கப் போறா?"

மறந்துவிட்டார் என்றால்கூடப் பரவாயில்லை. யோசித்து விட்டிருக்கிறார்.

வயரிங்கை மறுபடி மாட்டினோம். பிரேக்கை மிதித்தால் விளக்கு மங்கலாக எரிந்தது, கூடவே ரிவர்ஸ் ஹாரன் முனகியது. வண்டி ஓட்டுகிறவனாக எங்கள் அணியில் தேர்ந்தெடுத்திருந்த பையன் என் வருடம்தான், மெக்கானிக்கல். சொந்த ஊர் அகரம்தென் பக்கம். முன்பு விவசாயம் பார்த்து இப்போது மனை போட்டு விற்கிற குடும்பம். எந்த நேரமும் சிரிப்பு.

"இன்னா மச்சி, பிரேக்க மிதிச்சா பின்னாடி பூனை கத்துது? வண்டிக்குப் பேய் புட்ச்சிகிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. விளக்கிலிருந்து வந்த கரன்ட், போல்ட் வழியாக ஃப்ரேமுக்குள் இறங்க முடியாமல், ஹாரன் வழியாகச் சுற்றிப்போகப் பார்க்கிறது. என் மல்டிமீட்டரை எடுத்தேன். அதன் ஒரு முனையை வயர் நுனியிலும் இன்னொன்றை ஃப்ரேமில் போல்ட் திருகும் ஓட்டை ஒன்றின் கோட்டிங் ஏறாத உள்மறையிலும் வைத்தால், வழி இருந்தால் மீட்டர் கத்தும். கத்தவில்லை. கேப்டனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மீட்டர்ல பேட்டரி போயிருக்கும்" என்றார்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டினேன். கத்தியது. அவர் ஃபோன் வந்ததுபோல் நகர்ந்துவிட்டார்.

விளக்கும் ஹாரனும் எப்படியோ போகட்டும். கில் சுவிட்ச் எனக்குப் பயமாக இருந்தது. போல்ட்டின் மறை எங்காவது இரும்பைக் கடித்துக்கொண்டிருந்தால் வேலை செய்யும், வண்டி குலுங்கிக் கொஞ்சம் நகர்ந்தால் செய்யாது. அதைவிட மோசம், எஞ்சினே கோட்டிங் அடித்த தகட்டின் மேல் ரப்பர் வைத்துத்தான் உட்கார்ந்திருந்தது. சுவிட்ச்சிலிருந்து எஞ்சினுக்கு நேராக ஒரு வயர் இழுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். ரிப்போர்ட்டில் ஃப்ரேம்தான் எர்த் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். சரி, கில் சுவிட்ச்சுக்கு வேண்டிய இடங்களில் மட்டுமாவது கோட்டிங்கைச் சுரண்டிக்கொள்கிறேன் என்றேன். வாதாடி அலுத்துப்போய், "வெளிய தெரியாம பண்ணு" என்றார்.

அரத்தாலும் உப்புத்தாளாலும் ரூபாய் நாணய அளவுக்குச் சுரண்டினேன். ஆரஞ்சுக்கு நடுவில் இரும்பு வெள்ளியாகப் பளிச்சென்று வந்தது. பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினேன். எஞ்சினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஒரு தடித்த செம்புப் பட்டையை மாட்டினேன். அதன் இரண்டு முனைகளிலும் அப்படியே. மீட்டர் கத்தியது. ஓட்டுகிறவன் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, உள்ளே இருந்த பொத்தானை அழுத்தினான். நின்றது. மறுபடி கிளப்பி வெளியே இருந்ததை நான் அழுத்தினேன். நின்றது. கேப்டன் பக்கத்தில் நின்று பார்த்தார். இதை அழுத்திச் சொல்கிறேன். பார்த்தார்.

அடுத்த வாரம் கல்லூரித் தாளாளர் வந்து வண்டிக்குப் பூஜை போட்டார். எனக்கு அன்று காலை லேப் தேர்வு. நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. பெரியவர்கள் நிற்கிற இடத்தில் புகையும் சத்தமும் வேண்டாம் என்று எஞ்சினைக் கிளப்பாமலே கையால் தள்ளினார்களாம். மாலை போட்ட வண்டியை எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படங்கள் அணியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தன. நானும் இதயப் பொம்மை போட்டேன்.

சனிக்கிழமை, ஓட்டுகிறவனுடைய அப்பாவின் நிலத்தில் சோதனை ஓட்டம். மனை பிரித்து எல்லைக் கல் நட்டு வைத்திருந்த பெரிய வெளி. ஒரு பக்கம் மண் கொட்டி மேடாக இருக்கும். நான் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவன் ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கில் சுவிட்ச் பாத்தீங்களாண்ணா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. கிளம்பட்டும்" என்றார் கேப்டன்.

பார்க்கவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் சுற்று நன்றாகப் போனது. மேட்டில் ஏறி இறங்கும்போது பையன்கள் விசில் அடித்தார்கள். இரண்டாவது சுற்றில், மேட்டிலிருந்து இறங்கியதும் வண்டியின் சத்தம் குறையவில்லை. ஏறிக்கொண்டே போனது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டுவிட்டது. அவன் கை சிவப்புப் பொத்தானை அடிப்பதை நான் பார்த்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் குத்துகிற மாதிரி திரும்பத் திரும்ப. வண்டி நேராக நாங்கள் நின்ற இடத்துக்கு வந்தது. அவன் எங்களைப் பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தான். முன் சக்கரம் ஓர் எல்லைக் கல்லில் மோதி வண்டி பக்கவாட்டில் உருண்டு சாய்ந்தது.

கூண்டு அவன் தலையைக் காப்பாற்றியது. கால் பெடலுக்கும் குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே போன சக்கரம் காற்றில் சுற்றியது. பெட்ரோல் சொட்டுகிற வாசனை வந்தது. கேப்டன் ஓடிப்போய் வெளிப்பக்கப் பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். யாரோ மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். நான் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டியிருந்த மூடியைப் பிடித்து இழுத்தேன். தோள்வரை ஒரு அடி அடித்தது. பல் கிட்டிக்கொண்டது. மூடி கையோடு வந்துவிட்டது. எஞ்சின் நின்றது.

அதற்கப்புறம் அவன் கத்தியதுதான் கேட்டது.

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, கம்பி வைத்தார்கள். அவன் அப்பா வராந்தாவில் எங்கள் எல்லோரையும் பார்த்து வாயில் வந்தபடி திட்டினார். நாங்கள் தலையைக் குனிந்து நின்றோம். வண்டி அவர் நிலத்தில்தான் கிடந்தது. ஆள் வைத்து இழுத்துத் தன் ஷெட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை, அணிக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். கேபிள் சிக்கியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"கில் சுவிட்ச் ஏன் ஒர்க் ஆகலை? அது எலெக்ட்ரிகல் சைடு. யாரு பண்ணது?"

"நான்தான் சார். ஆனா..."

"நீதானே வயரிங் பண்ணே?"

"ஆமா சார். எர்த் பாயின்ட்ல கோட்டிங் இருக்கறதப் பத்தி நான் முன்னாடியே..."

"உன் வயரிங், உன் சுவிட்ச். ஒர்க் ஆகலை. அப்புறம் என்ன ஆனா? இதுக்குத்தான் லேடீஸ்க்கு டிசைன் ரிப்போர்ட் வேலை மாதிரி குடுக்கலாம்னு சொன்னேன். ஷாப் ஃப்ளோர்லாம் உனக்குச் செட் ஆகாதும்மா."

கேப்டனைப் பார்த்தேன். அவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, "இவ சொன்னா சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் என்னை அணியிலிருந்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். தினமும் மின்சார ரயிலில் அலுவலகம் போய்வருகிற மனிதர், யாரோடும் சண்டைக்குப் போனதில்லை.

"ஏதாவது லூஸா விட்டுட்டியாம்மா? இருந்தா ஒரு சாரி சொல்லிடு. பிளேஸ்மென்ட் வருது. பெருசு பண்ணாதே."

அழுதுகொண்டே கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா கேட்டதைவிட மோசமான விஷயம் ஒன்று இருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சுரண்டினேன், இறுக்கினேன், மீட்டர் கத்தியது. பிறகு ஏன் வேலை செய்யவில்லை? வாஷர் சரியாக உட்காரவில்லையோ? ஒருவேளை நான்தான் அவன் காலை உடைத்தேனோ? அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்யாத ஒன்றுக்காக ஒரு மனுஷியைத் தன்னையே சந்தேகப்பட வைத்தார்களே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கக் கிளம்பினேன். மீட்டரையும் ஸ்பேனரையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்பா ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

கட்டுப்போட்ட காலை நாற்காலி மேல் நீட்டிக்கொண்டு அவன் முன் அறையில் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா வாசலிலேயே மறித்தார்.

"நீதான் அந்த ஒயர் போட்ட பொண்ணா? என் புள்ள கால ஒட்ச்சிட்டு இப்போ இன்னாத்துக்கும்மா வந்துகீற?"

"அங்கிள், வண்டிய ஒரு தடவை பாக்கணும். எதனால நிக்கலன்னு எனக்குத் தெரியணும். என் தப்பா இருந்தா உங்ககிட்டயே சொல்லிடறேன்."

என் அப்பா எனக்குப் பின்னால் நின்று, "சொல்லிடுவா சார்" என்றார்.

உள்ளேயிருந்து அவன் கத்தினான். "நைனா, எஞ்சின நிறுத்தினதே அவதான். உடு, பாக்கட்டும்."

அவர் கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஷெட்டில் சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வண்டி மண்ணோடு சாய்ந்து நின்றது. மீட்டரை வைத்தேன். சத்தமே இல்லை. கில் சுவிட்ச்சின் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். வாஷரை எடுத்தேன். அதற்கடியில் நான் சுரண்டிய வெள்ளி வட்டம் இருக்க வேண்டும்.

ஆரஞ்சாக இருந்தது.

கோட்டிங்கின் ஆரஞ்சு இல்லை. கொஞ்சம் சிவந்த ஆரஞ்சு. ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. நகத்தால் கீறினேன், உரிந்து வந்தது. டப்பாவிலிருந்து அடிக்கிற ஸ்பிரே பெயின்ட். பட்டையின் போல்ட்டுகளையும் கழற்றினேன். அங்கேயும் அப்படியே. யாரோ நான் இறுக்கிய போல்ட்டுகளைக் கழற்றி, சுரண்டிய இரும்பின் மேல் கனமாகப் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு நான் போட்ட பல் வாஷருக்குப் பதில் வழவழப்பான இன்னொரு வாஷரைப் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவன் அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். மனிதர் நிலத்தரகர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவர். வேண்டிய இடத்தில் மட்டும் குறுக்கே கேள்வி கேட்டார்.

"அப்போ இத நீ அடிக்கல?"

"இல்ல அங்கிள்."

"அடிக்கச் சொன்னது யாரு?"

"தெரியாது."

"நாளிக்கு வண்டிய எட்த்துகினு போக வரேன்னு ஃபோன் பண்ணிகீறானுங்க. நீயும் வா."

மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் அங்கே போனேன். அப்பாவும் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். மதியம் ஒரு குட்டி யானை வண்டியில் கேப்டன் வந்தார், பின்னாலேயே காரில் பேராசிரியர். என்னைப் பார்த்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் அப்பா, நான் கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இந்தப் பொண்ணு சுரண்டி வச்ச எடத்துல பெயின்ட் அட்ச்சது யாருப்பா?"

கேப்டன் வண்டிப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"கேக்கறேன்ல?"

"பூஜைக்கு... ஃபோட்டோ எடுக்கறதுக்காக டச்சப் பண்ணோம்..."

"யார் சொல்லி?"

கேப்டன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "சார்தான் சொன்னாரு."

நான் பேராசிரியரைப் பார்த்தேன். அந்த அறையில் "உன் வயரிங், உன் சுவிட்ச்" என்று சொன்னபோது இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்.

அவருக்குக் கூச்சமே இல்லை. "தாளாளர் வர்றப்போ அங்கங்க சுரண்டி வெச்சிருந்தா நல்லாவா இருக்கும்? ஃபங்ஷன் முடிஞ்சதும் திரும்பச் சரி பண்ணிக்கச் சொன்னேன். இவங்க மறந்துட்டாங்க" என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "சொல்லியிருந்தா அன்னிக்கே சுரண்டியிருப்பேன். அவன் கால் ஒடைஞ்சிருக்காது. சொல்லாதது மட்டுமில்ல, என்மேல பழியும் போட்டீங்க."

"இப்போ அதெல்லாம் பேசி என்னம்மா ஆகப்போகுது? காலேஜ் பேரு இருக்கு. எல்லாரும் ஒரே டீம்தானே."

டீம். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் அப்பா இரண்டு எட்டு முன்னால் வந்தார். அவர் கை முஷ்டியானதை அன்றுதான் நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். ஆனால் அவர் பேசுவதற்குள் அவன் அப்பா பேசிவிட்டார்.

"சார், வண்டி ஒங்களுக்கு வோணும்ல? இந்தப் பொண்ணு எங்கெங்க சுரண்டணுமோ அங்கெல்லாம் சுரண்டும். நீங்க ரெண்டு பேரும் நின்னு பாருங்க. எஞ்சினக் கிளப்பி, அந்த பட்டன அமுக்கி, நின்னா எட்த்துகினு போங்க. இல்லாட்டி வண்டி என் வூட்லயே கீட்டும்."

சுரண்டினேன். இந்தத் தடவை வெளியே தெரிகிறதா தெரியவில்லையா என்று பார்க்கவில்லை. விளக்கு, ஹாரன், இரண்டு சுவிட்ச்சுகள், எஞ்சின் பட்டை எல்லாவற்றுக்கும் அரம் போட்டேன். பளபளக்கும் கோட்டிங் தூளாக உதிர்ந்து சிமென்ட் தரையில் விழுந்தது. ஒவ்வொரு இடத்திலும் மீட்டர் கத்தும்போது, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் "அப்டிப் போடு!" என்று கத்தினான். பேராசிரியர் ஷெட் வாசலில் அடுக்கியிருந்த எல்லைக் கற்களின் மேல் உட்கார்ந்து ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் மட்டும் பார்த்தார். ஒரு சமயம் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க வந்தார். நானே எடுத்துக்கொண்டேன். துருப் பிடிக்காமலிருக்க போல்ட்டைச் சுற்றி கிரீஸ் தடவினேன். சிக்கிய கேபிளை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் மூடியையும் மாட்டி எஞ்சினைக் கிளப்பினார்கள். அழுத்தினேன். நின்றது. வண்டியைக் கொண்டுபோனார்கள்.

விஷயம் இத்தோடு சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். என்னைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், அணியில் மறுபடி சேர்ப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அப்பா ஒரு நாள் அலுவலகச் சட்டையோடு முதல்வரைப் பார்க்கப் போனார். வரவேற்பறையில் நெடுநேரம் உட்காரவைத்து, டீ கொடுத்து, "போட்டிக்குப் பேரெல்லாம் அனுப்பியாச்சு சார், இனி மாத்த முடியாது, உங்க பொண்ணோட நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "நானும் உன்ன நம்பாத மாதிரி பேசிட்டேன் இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

போட்டி நடந்த அன்று, இணையத்தில் நேரலை வந்தது. கால் இன்னும் சரியாகாததால் அவனும் போகவில்லை. வேறு பையன் ஓட்டினான். கால் உடைந்தவன் வீட்டில் உட்கார்ந்து அவனுடைய லேப்டாப்பில் நாங்கள் இருவரும் பார்த்தோம். பாதுகாப்புச் சோதனையில் நடுவர் குனிந்து எர்த் போல்ட்டைப் பார்த்து என்னவோ கேட்டார். கேப்டன் விளக்கினார். பவுடர் கோட்டிங் கரன்டைக் கடத்தாது என்பதால் அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டோம், பல் வைத்த வாஷர் போட்டிருக்கிறோம், துருவுக்குக் கிரீஸ் தடவியிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். நடுவர் தலையாட்டிப் பாராட்டினார்.

"ஒன் டயலாக்க அப்டியே வுட்டுகினு கீறான் பாரு" என்றான் அவன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அவன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"வுடு மச்சி. நான் கால் ஒடைஞ்சவனே வுட்டுட்டேன்."

"நீ விடுவடா. ஒன் காலுக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கு என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். நல்லவன். இப்போதும் லேசாக நொண்டித்தான் நடக்கிறான். அப்பாவோடு மனை வியாபாரம் பார்க்கிறான். என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் நின்றான்.

வண்டி போட்டியில் நடுவாந்திரமாக ஓர் இடத்தில் வந்தது. கல்லூரி வாசலில் அணியின் படத்தோடு பேனர் வைத்தார்கள். விபத்தைப் பற்றி யாராவது கேட்டால், "வயரிங் கோளாறு, அப்புறம் சரி பண்ணிட்டோம்" என்ற பதில் அதற்குள் நிலைத்துவிட்டது. என்ன கோளாறு, யார் உண்டாக்கியது என்று யாரும் மேலே கேட்பதில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு மாலை, தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் கேப்டனைப் பார்த்தேன். நல்ல வேலையில் இருக்கிறார் என்பது தோரணையில் தெரிந்தது. அவரே அருகில் வந்து நலம் விசாரித்தார். நான் பேட்டரி வண்டிகள் செய்கிற இடத்தில் வயரிங் பிரிவில் இருப்பதைச் சொன்னேன்.

"சூப்பர்மா. அப்பவே நீ நல்லாப் பண்ணுவே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு நடந்தது எனக்கும் கஷ்டமாதான் இருக்கு. ஆனா நீயும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அது அவ்ளோ சீரியஸ்னு எங்களுக்குப் புரியலை" என்றார்.

என் காது சூடானது. சுற்றிலும் ஆட்கள் பீச் போகும் மின்சார வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குக் கவலையில்லை.

"எவ்ளோ அழுத்திச் சொல்லணும்? கோட்டிங்குக்கு முன்னாடி சொன்னேன். பின்னாடி சொன்னேன். மீட்டர வெச்சுக் காட்டினேன். ஒங்க கண்ணு முன்னாடி எஞ்சின நிறுத்திக் காட்டினேன். ஒங்களுக்குப் புரியலைன்னு சொல்லாதீங்க. அந்த ரூம்ல சார் என்னக் கேட்டப்போ நீங்க வாயத் தொறக்கல. அத மட்டும் சொல்லுங்க, ஏன் தொறக்கல?"

பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு அவர்தான் ப்ராஜெக்ட் கைடு. மார்க் அவர் கையில இருந்துச்சு."

அதுதான் காரணம். அவ்வளவு சின்னக் காரணம். நான் இத்தனை நாள் என்னென்னவோ பெரிதாக யோசித்து வைத்திருந்தேன்.

வண்டி வந்தது. "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு ஏறினார். அதே வண்டியில்தான் நானும் போக வேண்டும். ஏறவில்லை. அடுத்த வண்டி வரும்வரை நடைமேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.